ஸ்டால் 41: மைனஸ் மூன்று பேர்

இன்பராஜின் ஸ்டாலில் அந்த நிமிடம் மைனஸ் மூன்று பேர் இருந்தார்கள்.

ஹாலின் நடுவே தொங்கிய பெரிய திரை அப்படித்தான் சொன்னது. ஸ்டால் 39: எட்டு பேர். ஸ்டால் 40: ஐந்து பேர். ஸ்டால் 41: மைனஸ் மூன்று. இன்பராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். மைனஸ் நான்கு ஆகியிருந்தது.

பத்தொன்பது வருடங்களாகத் தரவுத்தளங்களோடு பிழைப்பு நடத்துகிறவர் அவர். தினமும் விடிவதற்குள் கோலார் தங்கவயலின் ஊரிகத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போய், ஒரு கம்பெனியின் தகவல்கள் தொலைந்து போகாமல் பார்த்துக்கொண்டு, இருட்டிய பிறகு திரும்பி வருகிறவர். ஒரு அறையில் ஆளே இல்லையென்றால் பூஜ்யம், அதற்குமேல் அந்த அறையைக் காலி செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரியும். போதாததற்கு அவரே ஸ்டாலுக்குள்தான் நின்றுகொண்டிருந்தார். தன்னைச் சேர்த்து மைனஸ் நான்கா, சேர்க்காமலா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். இரண்டுமே சரியாக வரவில்லை.

கண்காட்சியை நடத்தியது தங்கவயல் தொழில்நுட்ப ஊக்குவிப்புக் கழகம். ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹால், இரண்டு நாள், நாற்பத்தொரு ஸ்டால்கள். நாற்பது ஸ்டால்களில் விற்கிறவர்கள் இருந்தார்கள். நாற்பத்தொன்றில் இன்பராஜ், சும்மா கொடுக்க வந்திருந்தார்.

அவர் கொடுக்க வந்தது டார்ட்டாய்ஸ் என்ற தரவுத்தளம். உலகெங்கும் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி ஓடுகிறது என்று திறந்து பார்க்கலாம் என்று வைத்திருக்கும் மென்பொருள். விலை கிடையாது. அதன் சின்னம் ஒரு ஆமை. ஓடு கெட்டியானது, உள்ளே வைத்தது பத்திரமாக இருக்கும் என்பது பொருள். இன்பராஜ் ஆறு வருடமாகத் தன் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்திருந்தார். கோவிலிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது திங்கட்கிழமைக்கான டிபன் பாக்ஸ் தயாராக இருக்கும்.

அவர் மனைவி எலைன் போன வாரம்தான் இதற்கு ஒரு முடிவு கட்டினாள்.

"இன்னாங்க, ஆறு வருசத்துல அந்த ஆமைய நம்ம ஊர்ல ஒருத்தராச்சும் எடுத்துகினாங்களா?"

"மக்களுக்குப் புரியறதுக்குக் கொஞ்சம் டைம் ஆகும் எலைன்."

"ரெண்டு நாள் கண்காட்சி. ஒரே ஒருத்தர் நெஜமா எடுத்துட்டுப் போகட்டும். நான் வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா ஞாயித்துக்கிழமை எனக்கும் பசங்களுக்கும். சரியா?"

சரி என்று சொல்லியிருந்தார். இத்தனை சுலபமான பந்தயத்தை எலைன் ஏன் கட்டினாள் என்று அப்போது அவருக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

முதல் நாள் பதினோரு மணிக்குள் அந்தப் பரிதாபம் போய்விட்டது. ஸ்டாலுக்கு முன்னால் போன முதல் ஆளிடம் ஆமை ஸ்டிக்கரை நீட்டினார். அந்த ஆள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆமையா? வூட்டுக்குள்ள எப்படிங்க எடுத்துட்டுப் போறது?"

"இது படம்தான் சார்."

"படமா இருந்தாலும் உள்ளதான வருது?"

ஐந்நூறு ஸ்டிக்கர் அச்சடித்திருந்தார். சின்னத்தைத் தேர்ந்தெடுக்க உலகளாவிய ஓட்டெடுப்பு நடந்தபோது, ஆமை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு ஓட்டு இருந்தது. அன்று ஆமைக்குத்தான் போட்டிருந்தார். ஆமையின் ஓடு எத்தனை அடுக்குகளால் ஆனது என்று படித்ததில் மனம் இளகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் மைனஸ் நான்கைக் கண்டுபிடித்துக்கொண்டு கழகத்தின் செயலாளர் ஹரோல்ட் வந்தார். கோட், டை, மார்பில் தங்க நிற ரிப்பன் பூ.

"மிஸ்டர் இன்பராஜ், உங்க ஸ்டால்ல இருந்து நாலு பேர் போயிருக்காங்க."

"சார், வந்திருந்தாத்தானே போக முடியும்."

"அது உங்க கருத்து. மிஷின் வெளிநாட்டு மிஷின். கருத்தெல்லாம் சொல்லாது. வராத நாலு பேர் எந்தச் சூழ்நிலையில வெளியேறினாங்கன்னு எழுத்துமூலம் ஒரு விளக்கம் கொடுத்துடுங்க."

வேறு யாராவது இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இன்பராஜுக்கு விளக்கம் என்ற சொல்லே போதும். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். மிஷின் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு ஸ்டாலின் முன்னாலும் இரண்டு கம்பங்கள். கழுத்தில் தொங்கும் அட்டையைப் பச்சைக் கம்பத்தில் காட்டினால் உள்ளே போகலாம். எண்ணிக்கை ஒன்று கூடும். போகும்போது சிவப்புக் கம்பத்தில் காட்டினால் ஒன்று குறையும். எல்லோரும் மறக்காமல் காட்ட வேண்டும் என்பதற்காகச் சிவப்புக் கம்பம் ஒரு கூப்பனைத் துப்பும். மாலையில் குலுக்கல், முதல் பரிசு ஒரு கிராம் தங்கக் காசு. ஒரே ஆள் சுற்றிச் சுற்றி வந்து கூப்பன் சேர்க்கக் கூடாது என்பதால், ஒரு அட்டையைப் பச்சைக் கம்பம் ஒரு ஸ்டாலில் ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் ஏற்கும். இவ்வளவையும் படத்தோடு எழுதி, "எனவே மைனஸ் சாத்தியமில்லை" என்று முடித்தார். ஹரோல்ட் முதல் வரியைப் படித்துவிட்டு மூலையில் "பார்வையிட்டேன்" என்று கையெழுத்துப் போட்டார். அப்போது திரையில் மைனஸ் முப்பத்தாறு.

ஆனால் அதற்குள் ஓர் ஆச்சரியம் நடந்திருந்தது. ஸ்டாலுக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது.

ஸ்டாலின் பின்பக்கம் தொங்கிய துணிக்கு அந்தப் பக்கம் ஜெயம்மாவின் கேன்டீன். கேன்டீனுக்கு ரோட்டிலிருந்தே தனி வாசல். கையில் போண்டாவோடு ஜனங்கள் துணியை விலக்கிக்கொண்டு வந்தார்கள். இன்பராஜைக் கடந்து முன்பக்கமாகப் போனார்கள். முன்வாசல் கொள்ளாமல் பின்பக்கமாகவும் வருகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைத்ததோடு நிற்கவில்லை, எலைனுக்குப் போன் செய்து சொன்னார்.

"எடுத்துகினாங்களா?" என்றாள் அவள்.

"ஆர்வம் தெரியுது."

"சரி, ஆர்வத்த வெச்சிக்கோங்க."

அன்று மாலை மைனஸ் விஷயத்தை டார்ட்டாய்ஸ் மின்னஞ்சல் குழுவில் கேட்டார். மறுநாள் காலைக்குள் நூற்றுப் பன்னிரண்டு பதில்கள். ஒருவர், ஆட்களின் எண்ணிக்கையை மைனஸே ஏற்காத வகை எண்ணாகச் சேமித்திருக்க வேண்டும் என்றார். இன்னொருவர், அது போன நூற்றாண்டு வழக்கம் என்றார். மூன்றாமவர் இதெல்லாம் கையேட்டின் எட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது, படிக்காமல் கேட்கக் கூடாது என்றார். எட்டாம் அத்தியாயத்தை எழுதியதே இன்பராஜ்தான். "பார்வையாளர்" என்ற சொல் பார்வையற்றவர்களை ஒதுக்குகிறதா என்று கிளை விவாதம் ஒன்று போய், ஓட்டெடுப்புக்குத் தேதி குறித்தார்கள். ஸ்டாலுக்கு எத்தனை வாசல் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டில் பத்தொன்பது மடல்கள் இன்பராஜ் எழுதியவை. அவரும் அதைச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் கூட்டம் இன்னும் பெருகியது. ஆனால் யாரும் நிற்கவில்லை. பின்னால் வந்து, முன்னால் போய், சிவப்புக் கம்பத்தில் கூப்பனைக் கிழித்துக்கொண்டு, ரோட்டைச் சுற்றி, கேன்டீன் வழியாகத் திரும்பவும் வந்தார்கள். ஒரு முகத்தை நான்காம் முறை பார்த்தபோது இன்பராஜின் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சிக்கலான விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வருகிறார்களே!

ஒவ்வொருவரும் கடந்துபோக ஏறக்குறைய பத்து விநாடி ஆயிற்று. அதனால் அவர் தன் விளக்கத்தைப் பத்து விநாடித் துண்டுகளாக வெட்டினார். முகத்தைப் பார்த்து, எந்தத் துண்டில் விட்டோம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த துண்டைச் சொன்னார்.

"நோட்டுப் புக்குல ரெண்டு பேர் ஒரே வரியில எழுதினா என்ன ஆகும்? அதுதான் பிரச்சினை" என்று போண்டா தின்றபடி போன ஒரு பெண்ணிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஐந்து நிமிடம் கழித்து டீயோடு வந்தாள்.

"ஒருத்தர் எழுதி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர வாசல்ல நிக்க வைக்கும். இதுக்குப் பேரு பூட்டு."

அவள் போனாள். வந்தாள்.

"இப்ப, பாதி எழுதும்போது கரன்ட் போயிடுச்சுன்னு வைங்க..."

அவள் போய்விட்டாள்.

இதற்கிடையில் ஹரோல்ட், ஸ்டால்களில் ஊர் மணம் இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டார். இன்பராஜ் பலகை ஒன்றில் ஆணி அடித்துப் பத்துப் பதினைந்து பித்தளை வட்டுகளை மாட்டினார். ஊரின் பழைய தங்கச் சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவரும் இப்படி டோக்கன் மாட்டிவிட்டுக் கேஜ் என்ற இரும்பு லிஃப்டில் ஏறுவார்கள், மேலே வந்ததும் கழற்றிக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்து பலகையைப் பார்த்தால் யார் இன்னும் கீழே இருக்கிறார் என்று தெரியும். அதை வைத்து டார்ட்டாய்ஸைச் சுலபமாக விளக்கலாம் என்பது யோசனை.

யோசனை அபாரமாக வேலை செய்தது. பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான பால்காட்டிலிருந்து வந்திருந்த முனியப்பன், ஷாஃப்ட் என்ற சுரங்கக் குழியின் வாயில் நின்று கேஜுக்கு மணி அடித்தவர், இப்போது பென்ஷன்காரர், பலகையைப் பார்த்ததும் பின்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இன்னாபா இது, நம்பர் இடமிருந்து வலமா போவுது? மேலருந்து கீழ வரணும்."

"எங்க ஷாஃப்ட்ல இடமிருந்து வலம்தான்" என்றது கேன்டீன் பக்கமிருந்து ஒரு குரல்.

"உங்க ஷாஃப்ட்ல ஆளு ஏர்றதுக்கு எத்தினி மணி அடிப்பீங்கோ?"

"மூணு."

"அத மட்டும் ஒழுங்கா அடிச்சீங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

அரை மணி நேரத்தில் நாற்பது பென்ஷன்காரர்கள் கூடிவிட்டார்கள். டார்ட்டாய்ஸ் என்ற சொல்லை இன்பராஜ் இரண்டு தரம் சொல்லப் பார்த்தார். "சும்மாருப்பா, பேசிகினு கீறோம்ல" என்று அடக்கினார்கள். திரையைக் காட்டி, இதையாவது பாருங்களேன் என்றார்.

முனியப்பன் நிமிர்ந்து பார்த்தார். "மைனஸ் நூத்தி எழுபதா? எறங்காத ஆளு எப்படிபா மேல வருவான்? டோக்கன் இல்லாம எவனோ வேற வழியில பூந்திருப்பான்" என்று சொல்லிவிட்டு, மணிச் சண்டைக்குத் திரும்பிவிட்டார்.

இன்பராஜுக்குப் புல்லரித்தது. "இறங்காதவன் மேலே வர முடியாது." ஒரு தரவுத்தளம் காக்க வேண்டிய விதியை இதைவிட அழகாகச் சொல்ல முடியுமா? உடனே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மேஜைமேல் வைத்தார். முனியப்பன் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை அவர் கவனிக்கவே இல்லை. அந்த அட்டையை எழுதிக்கொண்டிருக்கும்போதே, கழகத்தின் சார்பில் ஒருவர் வந்து "சிறந்த பாரம்பரிய ஸ்டால்" என்ற சான்றிதழைப் பலகையில் ஒட்டிவிட்டுப் போனார்.

பன்னிரண்டரை மணிக்கு மேடையில் ஒத்திகை. மூன்று மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்து, ஹாலில் அந்த நேரத்தில் இருக்கும் கூட்டத்தின் எண்ணிக்கையை மைக்கில் அறிவிக்க வேண்டும். எல்லா ஸ்டால்களையும் கூட்டி அந்த எண்ணைத் திரையே காட்டும். ஸ்டால் 41-இன் தயவால் அது மைனஸ் இருபத்தாறு. ஹரோல்ட் தன் பேச்சைத் திருத்திக்கொண்டு மைக்கைத் தட்டினார்.

"பெரியோர்களே! கூட்டம் என்பது பழைய காலத்துக் கண்காட்சிகளின் அளவுகோல். நம் கழகம் அதைத் தாண்டி வந்துவிட்டது. இங்கே ஆட்கள் இருக்கிறார்களா என்பதல்ல கேள்வி. மிஷின் இருக்கிறதா என்பதே கேள்வி. மிஷின் இருக்கிறது. அதை வாங்கிய கமிட்டியில் நானும் இருந்தேன் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். அது காட்டும் எண் நமக்குப் புரியவில்லை என்றால், அது நம்மைவிட முன்னேறியது என்று பொருள்..."

பேச்சை அங்கேயே நிறுத்தி, மேடையிலிருந்து இறங்கி, நேராக 41-க்கு வந்தார்.

"மிஸ்டர் இன்பராஜ், ரெண்டு மணிக்குள்ள உங்க நம்பர் பூஜ்யத்துக்கு வரணும். இல்லன்னா ஸ்டாலை மூடிடுவோம்."

"சார், எனக்கு நாலு மணி வரைக்கும் வேணும். இன்னும் ஒருத்தர்கூட எடுத்துக்கல."

"எடுத்துக்கறதுக்கும் கழகத்துக்கும் சம்பந்தம் இல்ல. நம்பர் மட்டும்தான்."

இன்பராஜ் மேஜையில் உட்கார்ந்தார். ஆறு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் கண்முன் வந்தன. அடுத்த ஞாயிறு பூதிகோட்டையில் மச்சினர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அவர் தக்காளித் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவார். கழகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற விநாயக்கைக் கூப்பிட்டு, மிஷினின் நிரலைத் திறக்க முடியுமா என்று கேட்டார்.

"பூட்டி வெச்சிருக்காங்க சார். காசு கொடுத்து வாங்கினது. உள்ள பாக்கக்கூடாது" என்றான் விநாயக்.

ஒரு மணிக்கு எலைன் டிபன் கேரியரோடு பின்துணியை விலக்கிக்கொண்டு வந்தாள். குஸ்காவும் கத்திரிக்காயும். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, கை கழுவ முன்பக்கமாகப் போனாள். கழுத்து அட்டையைக் காட்டியதும் சிவப்புக் கம்பம் கீச்சிட்டு ஒரு கூப்பன் கொடுத்தது. கேன்டீன் வழியாகத் திரும்பி வந்தவள், திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க, நான் போனதுக்கு ஒண்ணு கொறஞ்சிது. மைனஸ் இருநூத்திப் பன்னெண்டு இருந்தது, மைனஸ் இருநூத்திப் பதிமூணு ஆயிடுச்சு."

"ஆமா. வெளிய போனா ஒண்ணு குறையும். அதாவது எலைன், அந்தக் கம்பத்துக்குள்ள ஒரு..."

"நான் வந்ததுக்கு ஏன் ஏறல?"

"அதுக்குப் பல காரணம் இருக்கலாம். முதல்ல..."

"நான் வந்தப்ப எங்கயும் அட்டைய காட்டலியே."

இன்பராஜின் வாயருகே வந்த குஸ்கா அங்கேயே நின்றது. பின்துணியைப் பார்த்தார். இரண்டு கல்லூரிப் பையன்கள் அதை விலக்கிக்கொண்டு வந்து, முன்னால் போய், ஆளுக்கொரு கூப்பன் எடுத்தார்கள். திரையில் இரண்டு குறைந்தது. பின்பக்கம் பச்சைக் கம்பம் இல்லை. வந்தவர்கள் யாரும் வந்ததாகப் பதிவில்லை. போனவர்கள் எல்லோரும் போனதாகப் பதிவு. பத்தொன்பது வருட அனுபவத்தில் அவர் மிஷினுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தார். துணி மிஷினுக்கு வெளியே இருந்தது.

"அப்ப இவங்கள்லாம் என் பேச்ச கேக்க வரலையா?" என்றார் மெதுவாக.

"சுத்திச் சுத்தி வந்தா எத்தினி கூப்பன் வேணாலும் கெடைக்குதே" என்றாள் எலைன். கணவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேட்டுகினும் போயிருப்பாங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவர் சுதாரித்துக்கொண்டார். "இதுக்கு ஒரு விதி எழுதணும். உள்ள வந்ததா பதிவில்லாத அட்டைய சிவப்புக் கம்பம் ஏத்துக்கக் கூடாது. டார்ட்டாய்ஸ்ல அழகா எழுதலாம்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"மூணு நாள். குழுவுல ஒப்புதல் வாங்கணும்னா மூணு மாசம்."

எலைன் தன் வளையலில் கோத்திருந்த ஊக்குகளில் மூன்றைக் கழற்றினாள். துணியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று குத்தினாள். உள்ளே நின்றவர்கள் போய் முடிந்ததும், விஷயத்தைக் கேட்ட விநாயக் தன் மேஜையில் ஏதோ ஒரு பட்டனை அழுத்தினான். திரையில் ஸ்டால் 41 பூஜ்யம் ஆயிற்று.

"ஆய்த்து சார். ஹரோல்ட் சாருக்கு மட்டும் சொல்லாதீங்க. இப்படி ஒரு பட்டன் இருக்குன்னே அவருக்குத் தெரியாது."

துணிக்கு அந்தப் பக்கம் யாரோ முட்டிக்கொண்டு, "இன்னாபா, வழிய அடைச்சிட்டாங்கோ!" என்றார்கள். அந்தச் செய்தி பரவியது. கூட்டம் கலைந்தது. முனியப்பன் மணிச் சண்டையைக் கேன்டீனுக்குள் தொடர்ந்தார். இரண்டு மணிக்கு ஹரோல்ட் வந்து, ஒரு ஈ காக்கா இல்லாத ஸ்டாலையும் திரையில் இருந்த பூஜ்யத்தையும் பார்த்து இன்பராஜின் கையைக் குலுக்கினார்.

"அருமை. இப்படித்தான் இருக்கணும் ஒரு ஸ்டால்."

மூன்று மணிக்குச் சிறப்பு விருந்தினர் ஒரு நல்ல பிளஸ் எண்ணைப் படித்தார். கைதட்டல். மூன்றரை. இன்பராஜ் ஸ்டிக்கர்களைக் கட்டி வைக்க ஆரம்பித்தார். எலைன் கட்டுவதற்குக் கயிறு எடுத்துக் கொடுத்தாள். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

அப்போது முன்பக்கம் பச்சைக் கம்பம் கீச்சிட்டது. இரண்டு நாளில் அந்தச் சத்தத்தை அவர் தன் ஸ்டாலில் கேட்டதே இல்லை. போண்டாவும் டீயுமாகப் போன அந்தப் பெண், இப்போது வெறுங்கையோடு நின்றாள்.

"சார், பின்னாடி மூடிட்டீங்களே. நான் அமலா. ராபர்ட்சன்பேட்டையில ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல வேல செய்றேன். கூப்பனுக்குத்தான் சுத்தினேன், பொய் சொல்லல. பதினாலு ரவுண்டு. ஆனா நீங்க பாதி எழுதும்போது கரன்ட் போச்சுன்னு சொன்னீங்களே? அதுக்கு மேல நீங்க வேற இன்னாமோ பேச ஆரம்பிச்சிட்டீங்க. கரன்ட் போனா இன்னா ஆவும்?"

"உங்களுக்கு ஏம்மா அது?"

"எங்க லேப்ல அதான் நடக்குது. நானும் இன்னொருத்தியும் ஒரே ஷீட்ல ரிசல்ட் ஏத்துவோம். கரன்ட் போய் வந்தா ஒரு ஆளோட சுகர் இன்னொரு ஆளு பேர்ல நிக்குது. போன மாசம் ஒரு பெரியவருக்கு மாத்தி மாத்திர குடுத்துட்டாங்க. நல்ல வேள, ஒண்ணும் ஆகல."

இன்பராஜ் மூச்சை இழுத்துக்கொண்டார். சொல்ல நாற்பது நிமிட விஷயம் இருந்தது. எலைன் அவரைப் பார்த்தாள். அவர் நான்கே வாக்கியத்தில் சொன்னார்.

"கேஜ் மாதிரிம்மா. பாதி கேஜ் கீழ போயி பாதி மேல நிக்காது. பேரும் ரிசல்ட்டும் சேர்ந்து முழுசா ஏறும், இல்லன்னா ரெண்டுமே ஏறாது. கரன்ட் வந்ததும் எது ஏறலைன்னு அதுவே சொல்லும்."

அமலா பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இப்பவே போட்டுக் குடுங்க. ஆமை ஸ்டிக்கர் மட்டும் வேணாம்."

திரையில் ஸ்டால் 41: ஒன்று.

எலைன் அதைப் பார்த்தாள். காலி டிபன் கேரியரை எடுத்துக்கொண்டாள். "ஒண்ணுன்னா ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமைய நீங்களே வெச்சிக்கோங்க" என்றாள். "இந்த வாரம் மட்டும் இந்தப் பொண்ணு லேப்ல போய் உக்காந்து ஒழுங்கா போட்டுக் குடுத்துட்டு வாங்க. நானும் வரேன். நீங்க நாலு வாக்கியத்துக்கு மேல போனா நிறுத்தறதுக்கு ஆள் வேணும்."

நான்கு மணிக்கு விநாயக் கழகத்தின் பதிவேட்டை நீட்டினான். கோளாறு எப்படிச் சரிசெய்யப்பட்டது என்று அதில் எழுத வேண்டுமாம். இன்பராஜ் மூன்று பக்கம் ஒதுக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். பிறகு ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: ஸ்டால் 41-இன் பின்பக்கத் துணியை மூன்று ஊக்குகளால் குத்தி மூடினால், எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகாது.